மோரியோ ஒற்றை யூசு பறித்த படலம்

வாழி! நாற்பதாண்டுக் காலம் மலைப்பேருந்து செலுத்திய மாவீரன் வாழி! கொண்டையூசி வளைவுகளைக் குழந்தையின் கன்னம்போல் தடவிக் கடந்தவன். எதிர்வந்த மரலாரிகளை ஒற்றை ஒலிப்பானால் ஓரங்கட்டிய உரவோன். மூடுபனியிலும் பயணிகளைக் குறட்டைவிடச் செய்த குணக்குன்று. கதிரவன் உதிக்கும் தீவுநாட்டில், கோச்சி மலைநாட்டின் ஆற்றங்கரைச் சிற்றூரில் மூன்றாம் தெருக் கடைசி வீட்டின் முடிசூடா மன்னன், முடியே அதிகம் இல்லாத மன்னன், கடோட்டா குலத்தோன்றல் மோரியோ வாழி! மணங்களுக்கென்று ஒரு தெய்வம் இருக்குமாயின், அது இக்கதை முடியுமட்டும் கேட்போர் மூக்கைச் சளியிலிருந்து காக்கட்டும்.

அம்மலைநாட்டார்க்கு யூசுவே உயிர். எலுமிச்சைக்கு அத்தைமகள், நாரத்தைக்கு நாத்தனார் என்று சொல்லத்தக்க அம்மஞ்சட்கனியின் சாறு படாத மீன் அங்கு மீனன்று. அது கலவாத சோறு விருந்தன்று. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலன்று, வீட்டார் ஒருவர்பின் ஒருவராய் அதே நீரில் இறங்கும் வெந்நீர்த் தொட்டியில் யூசுக் கனிகளை மிதக்கவிட்டு அதில் கழுத்தளவு அமிழாதவன் ஆண்டு முழுதும் மூக்கைச் சிந்துவான் என்பது அவ்வூரார் துணிபு.

அத்தகைய குளியலொன்றில்தான் விதி வீரனைத் தேடி வந்தது. அப்போது அவன் இன்னும் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். கோயிற்புறத்துத் தொல்மரம் ஒன்று உண்டு; ஒட்டுக்கத்தி தீண்டாதது, விதையினின்று தானே எழுந்தது, வைத்தவர் யாரென எவரும் அறியாதது; அதன் கனிகளைக் குருக்கள் ஊருக்கெல்லாம் பகிர்ந்தளித்திருந்தார். களிற்றுடல் வீரன் தொட்டியில் திரும்பிப் படுக்க, கனியொன்று அவன் விலாவுக்கும் தொட்டிக்கும் இடையே நசுங்கி வீரமரணம் எய்த, அதன் விதைகள் திசையெங்கும் சிதற, அவற்றுள் ஒன்று எல்லா இடத்தையும் விட்டு அவன் தொப்புளிற் போய்த் தங்கிற்று. அதைக் குனிந்து நோக்கினான். இதுவே அழைப்பு என்று உணர்ந்தான். நீர் சொட்டச்சொட்ட எழுந்து, அடுக்களை வாயிலில் வந்து நின்று, தன் இல்லத்தரசியாகிய ஹிசாயோவை நோக்கி ஆணையிட்டான்.

“ஹிசாயோ! ஒரு பூந்தொட்டி கொண்டா. மரம் வளர்க்கப் போறேன்.”

முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த ஹிசாயோ நிமிர்ந்து ஒருமுறை முழுதாகப் பார்த்தாள்.

“முதல்ல துண்டக் கட்டுங்க,” என்றாள்.

விதை ஊன்றப்பட்ட செய்தி மறுநாளே மதில் தாண்டிற்று. மதிலுக்கு அப்பால் வாழ்ந்தவன் சிக்காமோரி. ஊரின் ஒரே முடிதிருத்துவோன், கத்தரிக்கோற் கோமான், நாவும் கத்தியும் ஒருங்கே தீட்டியவன். அவன் மதில்மேல் முழங்கை ஊன்றி, தொட்டியை நோக்கி நகைத்தான்.

“விதையிலிருந்தா? யோவ் மோரியோ, ‘பீச் பழத்துக்கு மூணு வருஷம், யூசு முட்டாளுக்குப் பதினெட்டு வருஷம்’னு சும்மாவா சொல்றாங்க? அது காய்க்கிறப்ப நீ ஜாடிக்குள்ள சாம்பலா இருப்பே. ஒட்டுக்கன்னு வாங்கி வைய்யா, நாலு வருஷத்துல காய்க்கும்.”

சொன்னதோடு நின்றானா பாவி? அவ்வாரமே நாற்றங்கால் சென்று ஒட்டுக்கன்று ஒன்றை வாங்கிவந்து, மதிலை ஒட்டி, மோரியோவின் சன்னலுக்கு நேர் எதிரே, கண்ணில் குத்துமாறு நட்டான்.

அந்த ஆண்டு முடிவில் தெருச்சங்கத்தார் கூடி அரிசிமது அருந்திய அவையிலே, நம் வீரன் கிண்ணத்தை ஓங்கி எழுந்தான். “கேளீர், தெருவீர்! கோயில் மரத்தின் கொடிவழி வந்த என் மரம் கனிந்து, அக்கனியை என் கையால் யான் கொய்யும் நாள்வரை, பிறன் யூசுவின் சாறு என் நாவைத் தீண்டாது; பிறன் யூசு என் குளிநீரில் மிதவாது; இது மலைகள் மேலும் ஆற்றின் மேலும் ஆணை!” என்பது அவன் முழங்கியதன் பொருள். அருகிருந்தோர் காதில் விழுந்தது, “என் மரம் காய்க்கிற வரைக்கும் எவன் யூசுவும் எனக்கு வேணாம்டா!” என்பதும், ஒரு விக்கலும்.

பருவங்கள் தேர்போல் உருண்டன. ஒட்டுமரம் நான்காம் ஆண்டே வெட்கமின்றிக் காய்த்தது. மோரியோவின் மரமோ தொட்டியை உடைத்து மண்ணுக்கு இறங்கி, மண்ணை விட்டு வானுக்கு ஏறி, கூரையைத் தாண்டி, விரல்நீள முட்களை விண்மீன்கள்மேல் குறிவைத்து வளர்ந்ததேயன்றி, பூ என்று ஒன்றைப் பேருக்கும் பூத்ததில்லை. முட்களால் அது கிழித்துச் சாதித்தவை, மோரியோவின் உள்ளாடைகள் மூன்றும், தெருச்சங்கத்தின் கைப்பந்து ஒன்றும், காப்பீடு விற்க வந்த இளைஞனின் தன்னம்பிக்கையும்.

கார்த்திகைக் குளிர் தொடங்கும்தோறும் சிக்காமோரி வாயிலில் வந்து நிற்பான். கையில் பை நிறையப் பொன்னிறக் கனிகள். தெருவே கேட்கத் தலைவணங்கிச் சொல்லுவான்:

“நிறையக் காய்ச்சுத் தொலைச்சிடுச்சு, என்ன பண்றதுன்னே தெரியல. கொஞ்சம் எடுத்துக்கிட்டு உதவி பண்ணுங்க.”

கொடை என்னும் உறையில் இட்ட கொடுவாள் அது! மறுப்பது மரியாதையன்று; ஆதலின் வீரன் பல்லைக் கடித்து இடுப்பை வளைத்து வணங்கி, பையை வாங்கி, பதிலுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுத்தனுப்பி, கதவு சாத்தியதும் பையைப் பாம்பைப் பிடித்தவன்போல் விரல் நுனியில் தூக்கி மனைவியிடம் நீட்டுவான்.

“எவனுக்காவது குடுத்துடு.”

“சரிங்க,” என்பாள் ஹிசாயோ.

பின்னர் வைக்கோல் தீயில் வாட்டிய சூரைமீன்மேல் அவள் ஊற்றும் வினிகரை உறிஞ்சி, தொடையில் தட்டி அவன் ஆர்ப்பரிப்பான்: “வினிகர்னா இதுதான் வினிகர்! யூசுவாம் யூசு. எவனுக்கு வேணும்?”

இவ்வாறு பதினெட்டாம் இளவேனில் வந்தது. வீரன் ஓய்வுபெற்று, எழுபதைக் கடந்து, முழங்காலில் மழையை முன்னறியும் ஞானமும் பெற்றுவிட்டிருந்தான். ஒருநாட் காலை பல்துலக்கியவாறு அண்ணாந்தவன் நுரையை விழுங்கினான். உச்சிக்கிளையில் வெண்பூக்கள்! அவற்றுள் பல காற்றுக்கு இரையாயின, சில மழைக்கு. எஞ்சி நின்று பிஞ்சானது ஒன்றே ஒன்று. கடலைப்பருப்பு அளவே இருந்த அந்த இளவரசுக்காக, அன்றே போர் மூண்டது.

முதற்கண் வந்தது புழுப்படை. வண்ணத்துப்பூச்சியின் வயிற்றிற் பிறந்தும் வஞ்சகமே உருவான பசும்புழுக்கள், தளிரென்றும் இலையென்றும் பாராது மென்று, தொட்டவுடன் தலையினின்று செம்மஞ்சட் கொம்பிரண்டை நீட்டி, அழுகிய நாரத்தையின் நாற்றத்தை அம்பென எய்தன. வீரன் உண்ணுங்குச்சிகளையே ஆயுதமாய் ஏந்தி ஒவ்வொன்றாய்க் கவ்விச் சிறைப்பிடித்தான். கொல்ல மனம் வரவில்லை. பேருந்துக்கு எதிரே வந்த தவளைக்கும் வண்டியை நிறுத்தியவன் அல்லவா? ஆதலின் கைதிகளைச் சாப்பாட்டு டப்பாவில் அடைத்து, நாற்புறமும் நோக்கி, மதிலுக்கு மேலே கையை நீட்டி, சிக்காமோரியின் ஒட்டுமரத்தின்மேல் குடியமர்த்தினான். இதனை அறநூல்கள் எவ்வாறு கருதும் என்பதை அவன் அறநூல்களிடம் கேட்கவில்லை.

அம்மாதம் முடிதிருத்தும் நாற்காலியில் அவன் சாய்ந்திருக்கையில், சிக்காமோரி நுரை தடவி, கத்தியைத் தோலில் தீட்டி, அதைக் குரல்வளைமேல் மெல்ல வைத்துப் பேச்சைத் தொடங்கினான்.

“இந்த வருஷம் என் மரத்துல புழுவப் பாரு, கூடை கூடையா மேயுது. உன் மரத்துல எப்படி?”

“ம்.”

“ஒண்ணுகூட இல்லையா?”

“ம்ம்.”

“அதிசயந்தான்,” என்றான் சிக்காமோரி. கத்தி காதோரம் நகர்ந்தது. கழுத்தில் இரும்பு இருக்கும்போது காவியத் தலைவர்களும் உண்மை பேசுவதில்லை, பொய்யும் பேசுவதில்லை.

அடுத்து வந்தது புயல். தென்கடல் பெற்ற சினம்கொண்ட சூறை, கூரைத்தகடுகளைச் சீட்டுக்கட்டெனக் கலைத்து, ஆற்றைத் தெருமுனைவரை விருந்துக்கு அழைத்துவந்த நாளில், வீரன் பேருந்து இழுக்கும் வடத்தால் மரத்தை வீட்டுத் தூணோடு பிணைத்து, சன்னலோரம் அமர்ந்து, விடியுமட்டும் அதனோடு பேசிக்கொண்டிருந்தான். அதன்பின் வந்தன கொண்டைக்குருவிகள். கிழவிகளைப்போல் கூவி வந்து கனியின் கன்னத்தைக் குறிவைத்தன. காகிதப்பை கிழிந்தது; வலை முள்ளிற் சிக்கிற்று. இறுதியில் ஹிசாயோவின் காலுறையொன்றை, அவள் மகள் திருமணத்துக்கு அணிந்த தொடைவரை நீளும் மெல்லிய தோல்நிறக் காலுறையை, நீள்மூங்கிலால் உயர்த்தி, கனிக்குக் கவசமாய் மாட்டினான். தெருவோடு போனவர்கள் அண்ணாந்து பார்த்தனர். கடோட்டா வீட்டு மரத்தின் உச்சியில் ஒரு பெண்ணின் கால் மட்டும் வானேறிக் கொண்டிருந்தது.

“என் மானமே மேல தொங்குது,” என்றாள் ஹிசாயோ.

“கொஞ்ச நாள்தான், பொறு,” என்றான் மோரியோ.

மலைகள் சிவந்தன, காற்று கூர்மையடைந்தது, காலுறைக்குள் பசுமை விலகிப் பொன் பரவிற்று. கடலில் கொழுத்துத் திரும்பும் சூரைமீன் சந்தைக்கு வந்த நாளைக் கொய்யும் நாளெனக் குறித்தான் வீரன். அன்று பிற்பகல் அவன் பூண்ட போர்க்கோலத்தைப் புகலக் கேளீர்! தலையில் ஸ்கூட்டர்த் தலைக்கவசம். உடலில் பேருந்து நிறுவனம் அளித்த கருநீலக் குளிர்க்கோட்டு, பித்தளைப் பொத்தான்கள் பகலவனைப் பழிக்க. கைகளில் ஹிசாயோ பாத்திரம் கழுவும் இளஞ்சிவப்பு ரப்பர்க் கையுறை. மூன்றுகால் ஏணியை நிறுத்தி, பணியிற் பழகிய வண்ணமே விரல் நீட்டிச் சுட்டி உரக்கச் சொன்னான்:

“வலப்பக்கம் சரி! இடப்பக்கம் சரி! கிளம்பலாம்!”

ஏறினான். முட்கள் எழுந்தன. பதினெட்டாண்டு தன்னைப் பேணி வளர்த்தவன் என்று அம்மரம் ஒருகணம் எண்ணிப்பார்த்ததா? இல்லை, முள்ளுக்கு அப்பன் இல்லை, ஆசான் இல்லை. தோளிற் குத்திற்று, தொடையிற் குத்திற்று, காவியம் பெயர் சொல்லாத இடத்திலும் குத்திற்று. கடந்தான். கனி ஒரு சாண் தொலைவில்! கையை நீட்டினான். அக்கணமே பின்கழுத்துப் பட்டையில் ஒரு முள், வலக்கையில் மூன்று, முதுகில் எண்ணிறந்தன ஒருங்கே பாய்ந்து கவ்வ, கோட்டு மரத்தோடு ஒன்றாயிற்று. மேலே ஏறவும் இயலவில்லை, கீழே இறங்கவும் இயலவில்லை. சிலந்தி வலையில் சிக்கிய சேனாபதியென, இளஞ்சிவப்புக் கைகள் இரண்டும் வானை நோக்கி விரிய, ஊருக்குமேல் தொங்கினான் மோரியோ.

“ஹிசாயோ,” என்றான் தாழ்ந்த குரலில்.

ஹிசாயோ வந்து பார்த்தாள், நேரே மதிலருகே போய், “சிக்காமோரி-சான், கொஞ்சம் கத்தரியோட வர்றீங்களா?” என்றாள்.

பகைவன் தன் ஏணியோடு வந்தான். அவன் முகத்தில் மகிழ்ச்சி, கோயிற் சுவரில் புதுவெள்ளைபோல் பளிச்சிட்டது. ஏறி வந்து, வீரனின் காதருகே முகத்தை வைத்து, கத்தரியை இருமுறை காற்றில் சொடுக்கினான்.

“கிளைய வெட்டவா, கோட்ட வெட்டவா?”

“கிளையில கைவெச்சே, ஜென்மத்துக்கும் உன் கடைப்பக்கம் வரமாட்டேன்!”

“வந்தாலும் வெட்டறதுக்கு உன் தலையில என்ன இருக்கு? சரி, கோட்டுதான்.”

நாற்பதாண்டுப் பெருமை நறுக்நறுக்கென அறுபடலாயிற்று. பொத்தான் ஒன்று கீழே விழுந்து கல்லில் ஒலித்தது. வீரன் கண்களை மூடிக்கொண்டான்.

“எதுக்குய்யா இந்த வயசுல இந்தப் பாடு?” என்றான் சிக்காமோரி, வெட்டிக்கொண்டே. “யூசுதான் நான் வருஷா வருஷம் தர்றேனே.”

“உன் யூசு என் நாக்குல படாதுன்னு சபதம் போட்டவன் நான். இன்னிவரைக்கும் பட்டதில்ல.”

கத்தரி நின்றது. சிக்காமோரி மெல்லக் கீழே குனிந்து ஹிசாயோவைப் பார்த்தான். ஹிசாயோ ஆற்றைப் பார்த்தாள்.

“ஹிசாயோ-சான், நீங்க இன்னும் சொல்லவே இல்லையா?”

“எதை?” என்றான் மோரியோ.

“சொல்ற மாதிரி நேரம் அமையல,” என்றாள் ஹிசாயோ.

“எதை?”

“அந்த வினிகர்,” என்றான் சிக்காமோரி.

புயலுக்கு அஞ்சாதவன், புழுவுக்கு அஞ்சாதவன், அந்த ஒரு சொல்லுக்கு நடுங்கினான். ஏணியும் நடுங்கிற்று.

“ஹிசாயோ! இத்தனை வருஷமாவா?”

“நீங்க ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்குன்னு தொடையத் தட்டினீங்க. நல்லா இருக்குன்னு சொல்றவர்கிட்ட போய் என்னத்த சொல்றது? வீட்டுல யூசு கொட்டிக் கிடக்குது, வெறும் வினிகர ஊத்தி அந்த மீன நாசம் பண்ணச் சொல்றீங்களா?”

“குளியல் தொட்டி? அதுலயாவது...?”

“யூசுக் குளியல் அன்னிக்கு மட்டும் உங்களுக்கு முன்னாடி நான் குளிப்பேன்ல.”

“கால் சில்லுன்னு இருக்கு, அதான் முதல்ல போறேன்னு சொன்னியே!”

“கால் சில்லுன்னுதான் இருந்துச்சு. யூசுவும் இருந்துச்சு. நீங்க வர்றதுக்குள்ள பொறுக்கி எடுத்துடுவேன்.”

“அப்ப என் சபதம்?”

ஹிசாயோ சற்று யோசித்தாள். “நீங்க கடைப்பிடிச்சீங்க. நான் சமைச்சேன்.”

“துரோகிங்க!” என்று முழங்கினான் வீரன், திசைகள் செவிடுபட, கொண்டைக்குருவி ஒன்று பறந்தோடிற்று. “ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு...”

“ரொம்பத் துள்ளாதே, ஏணி சாயும்,” என்றான் சிக்காமோரி, மீண்டும் கத்தரியை எடுத்து. “புழுவெல்லாம் சுவரேறித் தானா வந்துச்சுன்னு நான் நம்பினேன்னு நினைச்சியா? சாப்பாட்டு டப்பாவோட நீ பூனைநடை போட்டு வந்தத மாடியிலிருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.”

கழுத்தருகே கத்தரி மட்டும் பேசிற்று.

அவன் உள்ளத்தில் அப்போது எழுந்தவை பல. முதலிற் சினம், அதன் பின்னே, டப்பாவை நினைந்து நாணம், அதற்கும் பின்னே, பெயர் தெரியாத ஒரு தனிமை. பதினெட்டு ஆண்டாக அவன் மூச்சைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்திலிருந்து மற்ற இருவரும் எப்போதோ கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். அவன் மட்டும் விளக்கெரியும் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தான். ஆயினும் கனி இருந்தது. அது பொய்யன்று. ஒரு சாண் தொலைவில், காலுறைக்குள், மாலைவெயிலில், குண்டாக இருந்தது.

கடைசி நூல் அறுந்தது. கோட்டு மரத்தில் கொடியாய் நிற்க, உட்சட்டையோடு விடுபட்ட வீரன் குளிரில் சிலிர்த்தான்.

“வலப்பக்கம் சரி,” என்றான்.

“இடப்பக்கம் சரி,” என்றான் சிக்காமோரி, தன் தோளை அவனுக்கு முட்டுக்கொடுத்து.

கொய்தான்! மலைகள் கண்டன, ஆறு கண்டது, எதிர்வீட்டுப் பூனையும் கண்டது. விதையில் எழுந்த மரத்தின் முதற்கனி வீரன் கைக்குள் வந்து அமர்ந்தது.

அன்று மாலை மூவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். வைக்கோல் புகைமணம் கமழும் சூரைத்துண்டுகள் மேல் பூண்டும் வெங்காயத்தாளும் குவிந்திருந்தன. ஹிசாயோ கனியைப் பலகையில் வைத்துக் கத்தியை இறக்கினாள். உள்ளே பெரும்பகுதி தோல். மீதியிற் பெரும்பகுதி விதை. சாறு என்று சொல்லத்தக்கது அளவில் ஒரு சிந்தல் சளிக்கு மேல், ஒரு மிடறு தேநீருக்குக் கீழ். ஆயினும் மணம்! அம்மணம் எழுந்தது, மேசையைச் சூழ்ந்தது, கூடத்தை நிறைத்தது, பனிக்காலை, பச்சைப்பாசி, பிளந்த பைன்மரம், தொலைவில் எவரோ சிரிப்பது என எல்லாம் ஒருங்கு கலந்த அம்மணத்தில், முடிதிருத்துவோன் உண்ணுங்குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.

“என் மரத்துல இது இல்லய்யா,” என்றான் பிறகு, தட்டைப் பார்த்தவாறே. “இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட வந்ததில்ல. நீ ஜெயிச்சுட்டே.”

பதினெட்டு ஆண்டு காத்திருந்த சொல்! வீரன் நிமிர்ந்தான்; கீறல்கள் பதக்கங்களென மின்ன, ஒரு துண்டை எடுத்து, தன் மரத்தின் சாற்றில் தோய்த்து, கண்மூடி வாயிலிட்டு, வானம் திறக்கக் காத்திருந்தான். மென்றான். இன்னும் மென்றான். அவனுக்கு அது வழக்கமான வினிகர் போலவே இருந்தது.

“எப்படி இருக்குங்க?” என்றாள் ஹிசாயோ.

“அடடா!” என்று தொடையில் ஓங்கித் தட்டினான் மோரியோ. ஹிசாயோ அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, தன் தட்டிலிருந்த கொழுத்த துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

மீன் தீர்ந்தது. பலகையில் எஞ்சிக் கிடந்தன விதைகள்: வெண்முத்தென, வருங்கால வனமென, ஒவ்வொன்றும் ஒரு பேரரசை வயிற்றில் அடக்கி ஈரம் மின்ன! அவற்றை நோக்க நோக்க வீரனின் மார்பு விரிந்தது, புருவங்கள் வில்லென வளைந்தன, அரிசிமதுக் கிண்ணம் தானே உயர்ந்தது, இன்னும் ஒரு பதினெட்டாண்டு எழுபதின்மேல் ஏறினால் எங்கே போய் நிற்கும் என்னும் கணக்கையெல்லாம் காலால் எற்றி, காலத்தையும் கூற்றையும் ஒருசேரப் போருக்கு அழைப்பவன்போல் அவன் எழுந்து நின்று, மூச்சை உள்ளிழுத்து, “கேளீர்...” என்று வாயெடுத்தான்.

“உட்காருங்க,” என்றாள் ஹிசாயோ.

அவள் விதைகளைப் பூண்டுத்தோலோடு சேர்த்து வழித்துப் பையில் போட்டுக் கட்டினாள். காலையில் குப்பை வண்டி வரும்.